சியாங் மாயில் பிடித்த இடம்: இந்திய மகளிர் கால்பந்து அணி 2026 ஆசியக் கோப்பைக்குத் தகுதி பெற்ற விதம்

2025 ஜூலை 5 அன்று தாய்லாந்தின் சியாங் மாய் நகரில் இந்திய மகளிர் அணி தாய்லாந்தை 2–1 என்று வென்றது. அந்த வெற்றியோடு 2026-இல் ஆஸ்திரேலியாவில் நடக்கவிருந்த மகளிர் ஆசியக் கோப்பையில் இந்தியாவுக்கு இடம் உறுதியானது. தகுதிச்சுற்றில் ஆடி, ஜெயித்து இந்த இடத்தை இந்தியா பிடித்தது அதுதான் முதல் முறை.

செய்தி வந்த வாரத்தில் எல்லோரும் கொண்டாடினோம். கொண்டாட வேண்டியதுதான். ஆனால் உலகத் தரவரிசையில் 70-ஆவது இடத்தில் இருந்த அணி, 46-ஆவது இடத்தில் இருந்த அணியை அதன் சொந்த மண்ணில் எப்படி வென்றது என்பதைப் பொறுமையாகப் பதிவு செய்தவர்கள் குறைவு. பள்ளி, கல்லூரி, மாவட்ட அணிகளை நடத்துபவர்களுக்கு இதில் எடுத்துக்கொள்ள நிறைய இருக்கிறது. அதற்காகவே இந்த ஆய்வு. வீராங்கனைகளையும் பயிற்சியாளர்களையும் பெயர் சொல்லாமல் அவர்கள் வகித்த பொறுப்பால் மட்டும் குறிப்பிடுகிறேன். ஆய்வின் எல்லை தகுதிச்சுற்றும் அதை ஒட்டிய மாதங்களும். இறுதிச்சுற்றுப் போட்டியைத் தனியாகத்தான் எழுத வேண்டும்.

பின்னணி

இந்திய மகளிர் கால்பந்துக்கு ஒரு நல்ல தொடக்கம் இருந்தது என்பது இன்றைய ரசிகர்கள் பலருக்குத் தெரியாது. ஆசியக் கோப்பையின் ஆரம்ப காலத்தில், கோழிக்கோட்டில் நடந்த போட்டியில் இந்தியாவுக்கு இரண்டாம் இடம். 1981-இல் ஹாங்காங்கில் மூன்றாம் இடம். 1983-இல் பாங்காக்கில் மறுபடியும் இரண்டாம் இடம். அந்த இறுதி ஆட்டத்தில் இந்தியாவை வென்று கோப்பையை எடுத்தது தாய்லாந்து. நாற்பது ஆண்டுகளுக்கு மேல் கழித்து அதே அணியைத்தான் இந்தியா தாண்ட வேண்டியிருந்தது.

அந்தக் காலத்தில் தகுதிச்சுற்று கிடையாது. ஆட முன்வந்த நாடுகள் ஆடின. பிறகு சீனா, வட கொரியா, ஜப்பான் போன்ற நாடுகள் மகளிர் ஆட்டத்தில் முறையாக உழைத்து மேலே போயின. இந்தியா பின்தங்கியது. 2003-க்குப் பிறகு ஆசியக் கோப்பையில் இந்தியா இல்லை. 2009-இல் போதுமான ஆட்டங்களே ஆடாததால் ஃபிஃபா தரவரிசைப் பட்டியலிலிருந்தே இந்தியாவின் பெயர் நீக்கப்பட்டது. ஒரு தலைமுறை வீராங்கனைகள் தங்கள் நல்ல வயதைச் சர்வதேச ஆட்டம் இல்லாமலேயே கழித்தார்கள் என்பதுதான் இதற்குப் பொருள்.

2017-இல் பியோங்யாங்கில் ஒரு தகுதிச்சுற்று. தென் கொரியாவிடம் 10 கோல், வட கொரியாவிடம் 8 கோல் வாங்கி இந்தியா திரும்பியது. 2022-இல் போட்டியை நடத்தும் நாடு என்ற முறையில் நேரடியாக இடம் கிடைத்தது. நவி மும்பையில் ஈரானுடன் 0–0 என டிரா செய்த பிறகு அணியில் பலருக்குக் கொரோனா தொற்று பரவியது. சீன தைபேவுக்கு (தைவான்) எதிராக இறக்கப் போதிய ஆட்கள் இல்லை. விதிப்படி அணி விலகியதாகக் கருதப்பட்டது, ஆடிய ஆட்டமும் கணக்கில் சேரவில்லை. சொந்த நாட்டில், சொந்த ரசிகர்கள் முன் ஆடக் கிடைத்த வாய்ப்பு அப்படிப் போனது.

அதே ஆண்டு ஆகஸ்டில் அகில இந்திய கால்பந்து சம்மேளனத்தை ஃபிஃபா தற்காலிகமாக நீக்கியது. பத்து நாள் சொச்சத்தில் தடை விலகிவிட்டது. ஆனால் ஆசிய கிளப் போட்டிக்காக ஏற்கெனவே தாஷ்கண்ட் போய் இறங்கிவிட்ட கேரள மகளிர் அணி ஒன்று ஆடாமலே ஊர் திரும்ப வேண்டியதாயிற்று. நிர்வாகத்தின் தவறுக்கு வீராங்கனைகள் விலை கொடுத்தார்கள். இந்த வரலாற்றை மனதில் வைத்துக்கொண்டுதான் 2025-ஐப் பார்க்க வேண்டும்.

2024 முடிவில் அணி இருந்த நிலை

2023 இலையுதிர் காலத்தில் இரண்டு சோதனைகள். ஹாங்சோ ஆசிய விளையாட்டில் சீன தைபேவிடம் 1–2, தாய்லாந்திடம் 0–1. தாஷ்கண்டில் ஒலிம்பிக் தகுதிச்சுற்றில் ஜப்பானிடம் 0–7, வியட்நாமிடம் 1–3, உஸ்பெகிஸ்தானிடம் 0–3. ஜப்பானைத் தனியாக வைத்துவிட்டு மற்றவற்றைப் பாருங்கள். ஒரு கோல், இரண்டு கோல், மூன்று கோல் வித்தியாசம். பியோங்யாங்கில் வாங்கிய 10-ஐயும் 8-ஐயும் நினைத்தால் அணி நெருங்கி வந்திருந்தது. தோல்விப் பட்டியலை மட்டும் பார்த்தவர்களுக்கு இது தெரிந்திருக்காது.

2024 அக்டோபரில் காத்மாண்டுவில் நடந்த தெற்காசியப் போட்டி அடுத்த அடி. குழு ஆட்டத்தில் வங்கதேசத்திடம் தோல்வி. அரையிறுதியில் நேபாளத்துடன் 1–1; நடுவர் முடிவு ஒன்றை எதிர்த்து ஆட்டம் நீண்ட நேரம் நின்றுபோனது; கடைசியில் பெனால்டி ஷூட்அவுட்டில் நேபாளம் வென்றது. தெற்காசியாவில் எப்போதும் முதலிடம் நமக்குத்தான் என்ற பழைய நம்பிக்கை 2022-லேயே ஆட்டம் கண்டிருந்தது. காத்மாண்டுவில் அது முழுதாக முடிந்தது. அதை ஒட்டிய சில மாதங்களுக்குள் பயிற்சியாளர்களும் மாறினார்கள்.

எடுத்த முடிவுகள்

முதல் முடிவு பயிற்சியாளர் தேர்வு. 2025 தொடக்கத்தில் பொறுப்பேற்றவர் இந்திய மகளிர் லீக்கிலேயே வேலை செய்தவர், 2023–24-இல் தன் கிளப்பைப் பட்டம் வெல்ல வைத்தவர். தகுதிச்சுற்றுக்கு இருந்தது சில மாதங்கள். வெளியிலிருந்து வரும் ஒருவருக்கு யார் எந்த இடத்தில் ஆடுவார், யாருக்கு எந்தக் கால் பலம் என்று தெரிந்துகொள்ளவே அந்த நேரம் போயிருக்கும். லீக்கை வாரா வாரம் பார்த்தவருக்கு அந்தச் செலவு இல்லை. குறுகிய காலத்துக்கு இது சரியான முடிவு என்றே நினைக்கிறேன்.

அந்த லீக்கைப் பற்றியும் சொல்ல வேண்டும். பல ஆண்டுகள் அது ஒரே ஊரில் சில வாரங்களில் நடத்தி முடிக்கும் போட்டியாக இருந்தது. 2018–19-இல் மதுரையின் சேது அணி பட்டம் வென்றதும் அந்த வடிவத்தில்தான். 2023–24 முதல் சொந்த ஊர், எதிரணி ஊர் என்று மாறி மாறி ஆடும் முறை வந்தது. எட்டு அணிகள் இருந்த 2024–25 பருவத்தில் ஒரு அணிக்கு 14 ஆட்டங்கள். ஆசியாவின் பெரிய லீக்குகளோடு வைத்துப் பார்த்தால் இது மிகக் குறைவு. ஆனாலும் ஜனவரியிலிருந்து ஏப்ரல் வரை வீராங்கனைகள் தொடர்ந்து ஆட்டப் பழக்கத்தில் இருந்தார்கள். முகாமுக்கு வரும்போது ஓடிப் பழகுவதிலிருந்து தொடங்க வேண்டிய அவசியம் இல்லை.

இரண்டாவது முடிவு நீண்ட முகாம். லீக் முடிந்ததும் பெங்களூருவில் பல வாரங்கள் அணி ஒன்றாக இருந்து பயிற்சி எடுத்தது. கிளப்புகளுக்கு வேறு ஆட்டம் இல்லாத காலம் என்பதால் இது முடிந்தது. நன்மை தெளிவு. தடுப்பாட்ட வரிசை ஒன்றாக நகரவும், கார்னர், ஃப்ரீ கிக் நேரங்களில் யார் எங்கே நிற்பது என்று பேசாமலே புரிந்துகொள்ளவும் நாட்கள் வேண்டும். இதில் உள்ள குறையைக் கடைசிப் பகுதியில் சொல்கிறேன்.

மூன்றாவது முடிவுதான் எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. தயாரிப்புக்கு அணி யாரோடு ஆடியது? பிப்ரவரியில் ஷார்ஜாவில் ஜோர்டானை 2–0 என்று வென்றது. ரஷ்யாவிடம் 0–2, தென் கொரியாவிடம் 0–3 என்று தோற்றது. மே 30, ஜூன் 3 இரண்டு நாட்களும் பெங்களூருவில் உஸ்பெகிஸ்தானோடு ஆட்டம்; இரண்டிலும் 0–1 தோல்வி. அதாவது தகுதிச்சுற்றுக்குப் போகும் முன் ஆடிய கடைசி ஐந்தில் நான்கு தோல்வி. பத்திரிகைகளில் இது நன்றாக இருக்காது. எளிய அணிகளைக் கூப்பிட்டு ஏழு, எட்டு கோல் போட்டு, நல்ல செய்தியோடு விமானம் ஏறியிருக்கலாம். அப்படிச் செய்யவில்லை.

இதன் பலனைத் தென் கொரிய ஆட்டத்திலிருந்து பார்க்கலாம். 2017-இல் 10 கோல் போட்ட அணி இப்போது 3 கோல்தான் போட்டது. உஸ்பெகிஸ்தான் தாஷ்கண்டில் 3 கோல் போட்டிருந்தது. பெங்களூருவில் ஒன்றோடு நின்றது. இந்தியாவுக்குக் கோல் விழவில்லை என்பது உண்மையான கவலை. ஆனால் தங்களைவிட வேகமான, பலமான அணிகளிடம் அழுத்தத்தில் தொண்ணூறு நிமிடம் கலையாமல் நிற்க அணி பழகியிருந்தது. சியாங் மாயின் கடைசி ஆட்டத்துக்குத் தேவைப்பட்டது அந்தப் பழக்கம்தான்.

குழுவின் கணக்கு

போட்டியில் 12 அணிகள். நடத்தும் ஆஸ்திரேலியாவுக்கும், 2022-இல் முதல் மூன்று இடம் பிடித்த சீனா, தென் கொரியா, ஜப்பானுக்கும் நேரடி இடம். மீதி எட்டு இடத்துக்கு எட்டுக் குழுக்கள். குழுவில் முதலிடம் பெறும் அணிக்கு மட்டுமே வாய்ப்பு. நல்ல இரண்டாம் இடத்துக்கு எந்த ஆறுதலும் இல்லை.

இந்தியா இருந்த குழுவில் தாய்லாந்து, மங்கோலியா, திமோர் லெஸ்தே, ஈராக். எல்லா ஆட்டங்களும் சியாங் மாயில். 2015, 2019 உலகக் கோப்பைகளில் ஆடிய தாய்லாந்துதான் எதிர்பார்க்கப்பட்ட அணி. இந்தியாவும் தாய்லாந்தும் மோதும் ஆட்டம் அட்டவணையில் கடைசி. இரண்டுமே மற்ற மூன்று அணிகளையும் வெல்லும் என்று யார் பார்த்தாலும் சொல்லலாம். ஆகவே ஜூலை 5-க்கு முன்னால் முடிவு செய்யப்படப் போவது ஒன்றே ஒன்று. கடைசி ஆட்டம் டிரா ஆனால் யார் போவது?

நேரடி மோதல் டிரா என்றால் அடுத்து மொத்தக் கோல் வித்தியாசம் பார்க்கப்படும். அதில் முன்னே இருக்கும் அணி ஜூலை 5 அன்று டிராவுக்கு ஆடினால் போதும். எதிரணி ஜெயித்தே ஆக வேண்டும்.

முதல் மூன்று ஆட்டங்கள்

ஜூன் 23, மங்கோலியா. இந்தியா 13–0. முன்கள வீராங்கனை ஒருவர் மட்டும் 5 கோல் போட்டார். ஜெயித்துவிட்டோம், இனி மெதுவாக ஆடிக் காலைக் காப்பாற்றிக்கொள்ளலாம் என்று அணி நினைக்கவில்லை. இந்த மாதிரி ஆட்டங்களில் கோல்களைக் குவிப்பது எதிரணிக்கு மரியாதைக் குறைவு என்று சொல்பவர்கள் உண்டு. கோல் வித்தியாசம் இடத்தைத் தீர்மானிக்கும் போட்டியில் கடைசி விசில் வரை ஆடுவதுதான் மரியாதை என்பது என் எண்ணம்.

அடுத்த ஆட்டத்துக்கு ஆறு நாள் இடைவெளி கிடைத்தது. ஜூன் 29-இல் திமோர் லெஸ்தேவை 4–0, ஜூலை 2-இல் ஈராக்கை 5–0. பயிற்சியாளர்கள் கவனிக்க வேண்டிய விவரம் ஒன்று: மூன்று ஆட்டங்களிலும் ஒரு கோல்கூட வாங்கவில்லை. எதிரணி பலவீனமாக இருக்கும்போது தடுப்பாட்டத்தில் கவனம் சிதறுவது சாதாரணமாக நடக்கும். இங்கே நடக்கவில்லை.

ஜூலை 2 இரவு பட்டியலைப் பார்த்தால், இந்தியா போட்டது 22, வாங்கியது 0. தாய்லாந்து போட்டது 22, வாங்கியது 0. இரண்டுக்கும் 9 புள்ளி. எந்தப் பக்கமும் ஒரு கோல் சாய்வுகூட இல்லை. கடைசி ஆட்டம் டிரா ஆனால் பெனால்டி ஷூட்அவுட் என்ற நிலை.

இந்தச் சமநிலை அதிர்ஷ்டம் என்று சிலர் எழுதினார்கள். ஒப்புக்கொள்ள முடியவில்லை. மங்கோலியாவுக்கு எதிராக 13-க்குப் பதில் 12 போட்டிருந்தால், சொந்த ரசிகர்கள் முன் ஆடும் தாய்லாந்துக்கு டிரா போதும் என்றாகியிருக்கும். ஆட்டம் முடிவாகிவிட்ட பிறகும் ஓடிப் போட்ட கோல்கள்தான் அந்தச் சலுகையை அவர்களிடமிருந்து பறித்தன.

ஜூலை 5

சியாங் மாயில் அது மழைக்காலம். ஈரப்பதம் அதிகம், புல்தரை கனமாக இருக்கும். இந்தியாவின் வடகிழக்கிலும் வங்காளத்திலும் கேரளத்திலும் வளர்ந்தவர்களுக்கு இது புதிதல்ல. ஆனாலும் தாய்லாந்துக்கு எதிரான ஆட்டம் வேறு. பந்தைக் காலில் வைத்துக் குறுகிய பாஸ்களால் நகரும் அணி அது. இந்தியா அவர்களை அதற்கு முன் வென்றதே இல்லை.

முதல் பாதியில், அரை மணி நேரம் ஆகும் முன்பே இந்தியாவின் நடுக்கள வீராங்கனை ஒருவர் தூரத்திலிருந்து அடித்த பந்து வலைக்குள் போனது. 1–0. இடைவேளை வரை இந்தியா அதைக் காத்தது. இரண்டாம் பாதி தொடங்கிய சில நிமிடங்களிலேயே தாய்லாந்து சமன் செய்தது. அரங்கம் முழுக்க அவர்கள் பக்கம்.

இந்த ஆய்வின் மையம் இங்கேதான் இருக்கிறது. 1–1, இன்னும் நாற்பது நிமிடத்துக்கு மேல் பாக்கி. முன்னிலையை இழந்த அணிகள் இந்த நேரத்தில்தான் பெரும்பாலும் உடையும். காத்மாண்டு அரையிறுதியிலும் இந்தியா முன்னிலையைக் காக்க முடியாமல் ஷூட்அவுட் வரை போய்த் தோற்றிருந்தது. இப்போது இரண்டு விஷயம் மாறியிருந்தது. ஒன்று, சமமான கோல் கணக்கால் தாய்லாந்துக்குப் பின்னால் ஒதுங்கி நிற்கக் காரணம் இல்லை. டிராவில் அவர்களுக்கும் லாபம் இல்லை. ஷூட்அவுட் யாருக்கும் உத்தரவாதம் தராது. அவர்களும் முன்னே வந்தாக வேண்டும். வந்தால் பின்னால் இடம் திறக்கும். இரண்டாவது, இந்தியா அவசரப்படவில்லை. ரஷ்யா, தென் கொரியா, உஸ்பெகிஸ்தான் ஆட்டங்களில் நெடுநேரம் பந்தில்லாமல் ஓடிய அணிக்கு, சமனான பிறகு வந்த அழுத்தம் தாங்கக்கூடியதாக இருந்தது.

74-ஆம் நிமிடத்தில் அதே நடுக்கள வீராங்கனை இரண்டாவது கோலையும் போட்டார். 2–1. மீதி நேரமும் கூடுதல் நேரமும் தடுப்பாட்டத்தின் கையில். முகாமில் ஒன்றாக நின்று பழகிய வரிசை குலையாமல் நின்றது. கோல்கீப்பரும் தன் வேலையைச் செய்தார். விசில் அடித்தபோது மைதானத்தில் விழுந்து அழுதவர்களில் 2022-இல் நவி மும்பை விடுதி அறைகளில் அடைபட்டுக் கிடந்தவர்களும் இருந்தார்கள். அவர்களுக்காக எனக்கு வந்த மகிழ்ச்சியை அடக்கி எழுத மனமில்லை.

தொடர்ந்து நடந்தவை

அதே வாரத்தில் வங்கதேசமும் மியான்மரில் தங்கள் குழுவில் முதலிடம் பெற்று முதல் முறையாகத் தகுதி பெற்றது. தெற்காசியாவிலிருந்து இரண்டு அணிகள். ஆகஸ்டில் இந்தியாவின் 20 வயதுக்குட்பட்ட மகளிர் அணி யாங்கூனில் மியான்மரை வென்று, இருபது ஆண்டுக்குப் பிறகு அந்த வயதுப் பிரிவின் ஆசியக் கோப்பைக்குப் போனது. அக்டோபரில் 17 வயதுக்குட்பட்ட அணியும் தகுதி பெற்றது.

ஜூலை 29-இல் சிட்னியில் குலுக்கல். இந்தியாவுக்கு வந்தவை ஜப்பான், வியட்நாம், சீன தைபே. மூன்றும் 2023-இல் இந்தியாவைத் தோற்கடித்த அணிகள். ஆசியக் கோப்பைதான் 2027 பிரேசில் உலகக் கோப்பைக்கான தகுதிச்சுற்றும். ஆறு அணிகளுக்கு நேரடி இடம், இரண்டு அணிகளுக்குக் கண்டங்களுக்கு இடையிலான சுற்று.

அப்புறம் அக்டோபரில் ஷில்லாங்கில் நடந்த நட்பு ஆட்டங்களில் இந்தியா ஈரானிடமும் நேபாளத்திடமும் தோற்றது. ஜூலைக்கும் அக்டோபருக்கும் நடுவில் வீராங்கனைகள் திறமையை இழந்துவிடவில்லை. அவர்களுக்கு ஆட்டங்கள் இல்லை. லீக் பருவம் தொடங்கவில்லை. ஜூனில் இருந்த உடல்நிலை அக்டோபரில் இருக்க வழியில்லை.

எதை மாற்ற வேண்டும்

நீண்ட முகாம் ஒரு முறை பலன் தந்தது என்பதால் அதையே வழிமுறையாக்கக் கூடாது. மாதக் கணக்கில் வீட்டையும் கிளப்பையும் விட்டு ஒரே இடத்தில் இருப்பது உடலையும் மனதையும் சோர வைக்கும். அதோடு, லீக் நல்ல நிலையில் இருக்கும் நாடுகளில் கிளப்புகள் இவ்வளவு நாள் விடவும் விடாது. முகாம் செய்த வேலையில் பாதியை லீக் செய்ய வேண்டும். 14 ஆட்டம் என்பது 20-ஐத் தாண்ட வேண்டும். அது மூன்று, நான்கு மாதத்தில் முடிந்துவிடாமல் ஆண்டு முழுக்கப் பரவ வேண்டும். தமிழ்நாடு 2017–18-இல் தேசிய சாம்பியன், 2023-இல் மறுபடியும் சாம்பியன். அந்த அளவுக்குத் திறமை உள்ள மாநிலத்தில் லீக் தரத்தில் ஆடும் கிளப்புகள் விரல் விட்டு எண்ணக்கூடியவை. பள்ளியில் ஆடும் பெண் பிள்ளைகள் பன்னிரண்டாம் வகுப்போடு நிறுத்திவிடுவதற்கு இது ஒரு பெரிய காரணம்.

நட்பு ஆட்டங்களில் பிப்ரவரியிலும் மே, ஜூனிலும் கடைப்பிடித்த கொள்கையை விடக் கூடாது. ஃபிஃபா ஒதுக்கும் ஒவ்வொரு ஆட்டக் காலத்திலும் தரவரிசையில் மேலே உள்ள ஒரு அணியோடாவது ஆட வேண்டும், தோற்றாலும் பரவாயில்லை. ஆட்டங்களே ஆடாமல் விட்ட ஆண்டுகள் எங்கே கொண்டுபோய் விட்டன என்பதை 2009-இல் பார்த்தோம்.

கோல் போடும் இடத்தில் ஆழம் இல்லை. மூன்று எளிய ஆட்டங்களில் 22 கோல், அதற்கு முந்தைய நான்கு கடினமான ஆட்டங்களில் ஒன்றுகூட இல்லை. கடைசி ஆட்டத்தின் இரண்டு கோலும் ஒரே நடுக்கள வீராங்கனையிடமிருந்து. அவர் அன்று காயத்தோடு உட்கார்ந்திருந்தால் யார் என்ற கேள்விக்கு அணியிடம் தெளிவான பதில் இருந்ததாகத் தெரியவில்லை. 17, 20 வயதுப் பிரிவுகளில் தகுதி பெற்ற முன்கள வீராங்கனைகளைப் பெரிய அணியின் முகாமுக்கு இப்போதே ஒவ்வொருவராக அழைத்துப் பழக்கலாம். கிளப்புகளும் வெளிநாட்டு வீராங்கனைகளை முன்களத்திலேயே நிறுத்தி, அங்கே ஆட வேண்டிய உள்ளூர்ப் பிள்ளைகளை விங்குக்கும் பெஞ்சுக்கும் தள்ளுவதைக் குறைக்க வேண்டும்.